மூச்சைப் பிடிக்காமல்

...இழுத்துப் பிடி என்றால் இதைத்தானே பிடிக்க வேண்டும், இதற்குமேல் எதைப் பிடிப்பது என்று மல்லாந்து கிடந்தபடி பல்லைக் கடித்தார் முன்னாள் பஸ் டிரைவர், முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன, பிசியோதெரபிப் பெண்ணின் விரல்கள் அடிவயிற்றில் இருந்தன, மகள் வயதுதான் இருக்கும், கண்றாவி, இவளிடம் போய்... “ஐயா, வயித்தை இறுக்குறீங்க, மூச்சையும் பிடிச்சுக்கிட்டீங்க, தொடையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இது இல்லை.” இது இல்லையா? முப்பது வருஷம் மூத்திரத்தை இப்படித்தானே அடக்கினார், ஐந்து மணி நேரத் தடம், பின்னால் அறுபது பேர், தொடையை நெருக்கி, மூச்சைப் பிடித்து, டிப்போ வரும்வரை ஒரு சொட்டு விட்டதில்லை, புற்றுநோய் என்று புராஸ்டேட்டை அறுத்தெடுத்த நாளிலிருந்து ஐந்து மாதமாக அந்தக் கெட்டிக்காரத்தனத்தையே பயிற்சி என்று வேளைக்குப் பத்துத் தடவை செய்துகொண்டிருந்தார், அத்தனையும் விழலுக்கு இறைத்த நீரா? சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, “இருமுங்க” என்றாள், இருமினார், சனியன், நனைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினாள்.

“உள்ளே, அடியில, ஒண்ணுக்கை நிறுத்துற தசையை மட்டும் மெதுவா மேலே தூக்குங்க. வெளியில ஒண்ணும் அசையக்கூடாது. பேசிக்கிட்டே செஞ்சா மூச்சைப் பிடிக்க முடியாது.” பேசிக்கொண்டா, யாரோடு? மனைவி போய் ஆறு வருஷம், வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான்... “பேரப்பிள்ளை இருக்கா?” “பேத்தி. நாலு மாசம்.” “தூக்கினா கசியுதா?” தூக்கினால்தானே தெரியும், போட்டோவில் பார்த்ததோடு சரி, மடியில் வைத்திருக்கும்போது நனைந்துவிட்டால், மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தால், மானம் போய்விடாதா? பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் எதற்கு என்று ஆபரேஷனையே மறைத்தார், பிறகு சொல்ல நாக்கு எழவில்லை, எப்பப்பா வர்றீங்க என்று நாலு தடவை கேட்டாள், நாலு தடவையும் இதே பதில்தான், “பஸ்ஸு இப்பல்லாம் ஒத்துக்கலம்மா, தலை சுத்துது.” “இப்ப தூக்குங்க ஐயா...” அடியில் எங்கோ, சின்னதாக, ஏதோ அசைந்தது, “அதான், அதேதான்!” என்று பிசியோ கூவினாள், அவருக்கு அது காதில் ஏறவில்லை, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம், எந்த மகள் நம்புவாள், நம்பியிருந்தால் டாக்டரிடம் காட்டினீங்களா என்றாவது கேட்டிருப்பாளே, “சரிப்பா” என்று மட்டும்தான் சொன்னாள், அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை... அப்படியென்றால், அப்பாவுக்குக் குழந்தையைப் பார்க்க மனசில்லை என்றா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?