சாட்சி சொன்ன பிறகு

ஞாயிறு ஆராதனையில் தங்கதுரை எழுந்து நின்று, மகள் ஷாலினிக்குக் காய்ச்சல் நீங்கிவிட்டதாகச் சாட்சி சொன்னான். உண்மையில் நீங்கவில்லை. சுகம் கிடைக்கும் என்று நம்பி முன்கூட்டியே நன்றி சொல்வது அந்தச் சின்னச் சபையின் வழக்கம். சொன்னபின் மருந்தைத் தொட்டால், ஆண்டவரையே பொய்யராக்கியதாகும்.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளையின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள். வெளியே மரவள்ளிக் காட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வண்டிய எடுங்க. கள்ளக்குறிச்சிக்குப் போயிடலாம்" என்றாள் அவன் மனைவி செவ்வந்தி.

"சபை முன்னால சொல்லிட்டேனே. இப்ப போனா, அவரு கோவிச்சிக்கினு புள்ளைய எடுத்துக்கினாருன்னா?"

போகாவிட்டால் காய்ச்சல் கொண்டுபோகும், போனால் ஆண்டவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பலி ஷாலினிதான். அவன் முழங்காலில் நின்றான். வேதத்தில், ஆண்டவர் கேட்டார் என்று மகனைப் பலியிட மலையேறிய அந்தத் தகப்பன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னா முணுமுணுத்துக்கினு இருக்க?" என்று எரிந்து விழுந்தாள் செவ்வந்தி.

"அவரு கத்திய எடுன்னாரு. அந்தத் தகப்பன் எடுத்தான்."

"கீழ போடுன்னு வானத்துலேர்ந்து சத்தம் வந்தப்ப போட்டானே! ஒனக்குப் பாதிக் கதைதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே, செவ்வந்தி."

"காலைலேர்ந்து நான் கத்திக்கினுதானே இருக்கேன்!"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வண்டிச் சாவியைத் தேடினான்.

பிள்ளையை நடுவில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் தண்டனை காத்திருப்பதுபோல் அவன் பிரேக்கைப் பிடித்தான். பாதி மலையில், அவர்கள் வீட்டு ஜெபத்துக்காக ஏறிவந்த சபைப் பாஸ்டரின் ஜீப் எதிர்ப்பட்டது.

"எங்க பிரதர்?"

"ஆஸ்பத்திரிக்குங்க." தங்கதுரை வண்டியை நிறுத்தினான். "அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க, ஐயா. புள்ளைக்கு சரியாவல."

பாஸ்டர் வாய் திறப்பதற்குள் வண்டியை நகர்த்திவிட்டான்.

மருத்துவமனையில் ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். "இவ்ளோ லேட்டாவா கூட்டியார்றது? நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

தங்கதுரை மகளின் பாதத்தைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். யாராவது உள்ளே வரும்போதெல்லாம் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தான்.

"பயமா இருக்குது, செவ்வந்தி."

"எனக்குந்தான். புள்ள கால வுட்டுடாதீங்க."