உழைப்புக்கு ரசீது இல்லை

என் அக்கா வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவன் என்று பெருமையடித்துக்கொள்வார். ஆனால் அவர் சட்டைப் பைக்குள் ஏறின காசு மட்டும் கீழே இறங்காது. "எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டார்டி உன் அத்தான்" என்பாள் அக்கா. பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். எதையும் ஹாரன் அடிப்பதுபோல்தான் சொல்வாள். அத்தான் அசரமாட்டார். "காக்கா ரசீது கொடுக்குமா? கொடுத்தா ஓட்டுறேன்" என்பார்.

நான் ஒரு வரி ஆலோசகரிடம் குமாஸ்தா. குடும்பத்தில் எல்லோருடைய வரிப் படிவத்தையும் நிரப்புவது வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். அந்த வருஷம் விதியில் ஒரு மாற்றம் வந்திருந்தது. பெரிய பணக்காரர்களுக்கு மட்டும் இருந்த சலுகை மாதச் சம்பளக்காரர்களுக்கும் வந்தது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும், ரசீதைக் காட்டினால் மூன்றில் ஒரு பங்கை வரியில் கழித்துவிடுவார்கள். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன்.

"கொடுத்தா திரும்ப வருமா?" அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணுல ஒண்ணு வரும் அத்தான்."

"மீதி?"

"போனது போனதுதான். அதுக்குப் பேருதான் தானம்."

சற்று நேரம் பென்சிலைக் கடித்தார். "அரசாங்கம் தர்றேன்னு சொல்றப்ப வேண்டாங்கறது மரியாதை இல்லை, வக்கீலம்மா." வக்கீலம்மா என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பஸ் செலவு வேண்டாம் என்று, நான் காட்டிய பட்டியலில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததையே தேர்ந்தெடுத்தார். அது ஒரு பேசும் நூலகம். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் இடம். ரசீது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி. கீழே லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிகளைப் பயன்படுத்தவும்.'

அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை யார் படிக்கறதுக்காக எழுதி மாட்டியிருக்காங்க?"

மேலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். ஒரு கை மாடிப்படிக் கைப்பிடியில். மடக்கிய வெள்ளைக் கோல் அக்குளில். உதடு படிகளை எண்ணிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அருகில் வந்ததும் நின்றார். "ரெண்டு பேர் நிக்கிறீங்க போல. பதினேழாவது படி உடைஞ்சிருக்கு. பார்த்து ஏறுங்க."

மேலே நூலகர் பேசும் கணினியில் தட்டெழுதி ரசீதை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் பார்வை கிடையாது. அத்தான் ரசீதைச் சரிபார்க்காமல் பையில் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"லிஃப்ட் எத்தனை நாளா இப்படி?"

"பத்து மாசமா. கண்ட்ரோல் பெட்டியையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அந்தப் பணத்துல நாங்க மூணு வருஷம் புத்தகம் பதியலாம் சார்."

"எவன் சொன்னது? மெஷின் ரூம் சாவி இருக்கா?"

இரண்டு மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் கிரீஸோடு இறங்கி வந்தார். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு சரியாக மூடியதா என்று மோட்டாருக்குச் சொல்லும் சின்னத் தகடுகள் தேய்ந்திருந்தன, பிரேக்கும் தேய்ந்திருந்தது. "பல் வலிக்கு வந்தவன் தலையை எடுக்கச் சொல்லியிருக்கானுங்க" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தான் வீட்டில் இல்லை. ஆறாவது வாரம் அரசு ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட, லிஃப்ட் ஓடியது. மறுநாளே அத்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"முப்பத்திநாலு மணி நேரம். படிவத்துல ஏத்து."

"உழைப்பை நன்கொடையா எழுத முடியாது அத்தான். பணத்துக்குத்தான் ரசீது."

"காசு கொடுத்தா தர்மம், கை கொடுத்தா இல்லையா? எந்த ஊரு நியாயம் இது?"

சத்தம் கேட்டு என் முதலாளி வெளியே வந்தார். நிதானமாக ஒரு வழி சொன்னார்: நூலகத்திடம் கூலியை வாங்கிக்கொண்டு, அதையே நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கலாம். அத்தான் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "கூலி வாங்கினா அதுக்கு வரி. திருப்பிக் கொடுத்தா அதுல கொஞ்சம் கழியும். எதுக்கு சார் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?" நோட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். முகம் தொங்கியிருந்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் ஓவர்டைம்னு சொன்னாரேடி! அந்தக் காசுல வேன் சீட்டுக்கு உறை மாத்தலாம்னு நினைச்சிருந்தேன்!" அப்படியே நூலகத்துக்கு வேனை எடுத்தாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று பயந்து நானும் ஏறிக்கொண்டேன்.

லிஃப்ட்டுக்குள் அந்தப் படி எண்ணும் அம்மா இருந்தார். யார் என்று தெரியாமலே எங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "ஒரு மெக்கானிக் சரி பண்ணினார்மா. பொத்தான்ல விரலுக்குத் தெரியற மாதிரி புள்ளி ஒட்டணும்னு என் விரலை வெச்சு வெச்சுப் பார்த்துக் கேட்டார். இங்கேயா, இன்னும் கொஞ்சம் மேலயான்னு. பொறுமையான மனுஷர். அவர் பொண்டாட்டி கொடுத்து வெச்சவ."

மூன்றாவது மாடி வந்தது. அந்த அம்மா இறங்கிப் போனார். அக்கா இறங்கவில்லை. பொத்தானின் புள்ளியைத் தடவிக்கொண்டே நின்றாள். "என்கிட்ட ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையா பேசியிருப்பாரா?" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தாள். பிறகு கீழே போகிற பொத்தானை அழுத்தினாள்.

அன்று சாயங்காலம் அத்தானிடம் அவள் கையை நீட்டினாள். "அந்தக் கிரீஸ் சட்டையைக் கொடுங்க, ஊற வைக்கணும்" என்றாள். அத்தான் என்னை முறைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் படிவ நேரத்தில் அத்தான் ஒன்பது ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பினார். எட்டு, அவரோடு பட்டறையில் வேலை செய்கிறவர்களுடையவை. எல்லாம் அதே நூலகத்தில் வாங்கியவை.

"எப்படி அத்தான் மடக்கினீங்க?"

"வரியில கழியும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். பயலுக மேல போய் அரை மணி நேரம் புத்தகம் கேட்டானுங்க. பெயிண்டர் அழுதுட்டான். அப்புறம் நான் எதுவும் சொல்லவே இல்லை."

அவருடைய ரசீதும் நடுவில் இருந்தது. போன வருஷத் தொகையைவிட நான்கு மடங்கு. நான் அதை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "உங்க அக்காதான் கொடுக்கச் சொன்னா" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயிண்டரின் முழுப் பெயரை எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.