ஒரு தகரமும் பறக்கவில்லை

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ‘வானிலை’ என்று பட்டப்பெயர். எங்கோ கடலில் ஒரு மேகம் சுழன்றால் போதும், மனிதர் கடையை அப்படியே போட்டுவிட்டு போனும் கையுமாகத் தெருவுக்கு வந்துவிடுவார். அன்று காலையிலும் வாசல் வாசலாக நின்று படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். புயல் நம் தலைக்கு மேலேதான் கரையைக் கடக்கப் போகிறது, ஆனால் நாளை ராத்திரிதான், இன்று முழுக்க நேரம் இருக்கிறது என்றார். ஊரெல்லாம் கேலி செய்தாலும் அவர் வாயிலிருந்து வருவதைத்தான் எல்லோரும் நம்புவோம். நானும் நம்பினேன்.

அவர் நகர்ந்த கையோடு என் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் ஆள் எழுந்து நடமாட முடியும். அவருடைய முறை மறுநாள்.

“நாளைக்கு மெஷின் ஓடாதும்மா. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. புயலுக்கு அப்புறம் எப்ப ஓடும்னு எங்களுக்கே தெரியாது” என்றார்.

இந்தச் சங்கதி தெருவில் ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் வெல்டர். சீக்காளி என்று தெரிந்தால் யார் நம்பி இரும்பு கேட் வேலையும் ஷட்டர் வேலையும் கொடுப்பார்கள் என்று அவருக்குப் பயம். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை முழுக்கைச் சட்டை மறைத்துவிடும். வெல்டர் முழுக்கைச் சட்டை போட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லையே. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் டவுனில் ஒரு கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, “உங்களுக்கென்ன, கம்பெனி வேலை” என்று பெருமூச்சு விடுவார். நானும் வாய் கூசாமல் சிரித்துவைப்பேன்.

ஆட்டோவைக் கூப்பிடுகிறேன், கிளம்புங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதற்குள் தையல்கார அக்கா வாசலில் நின்றார். கூரைத் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம், தம்பி வந்து இரண்டு இடத்தில் பற்றவைத்தால் போதுமாம். அஞ்சே நிமிஷம் என்று இவரும் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்து இறங்குவதற்குள் ஏணியடியில் பேக்கரிக்காரர் காத்திருந்தார், ஷட்டர் பட்டை கழன்றுவிட்டது என்று. பிறகு வானிலையின் கடைப் பலகை. பிறகு எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கிற ஆங்கிள் ஸ்டாண்டு. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆளுக்கொரு சின்ன வேலை கொண்டுவந்து அந்த ஒரே உடம்பின் தலையில் கட்டினார்கள்.

நான் ஏணிக்கு ஏணி பின்னாலேயே போனேன். வாய்விட்டும் சொல்ல முடியவில்லை, பேசாமல் நிற்கவும் முடியவில்லை. கடைசியில் ஒரு சந்துக்குள் அவரை இழுத்துவைத்து, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஒருத்தருக்குச் செஞ்சிட்டு இன்னொருத்தருக்கு இல்லைனு போனா, நாளைக்கு இவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“காரணத்தைச் சொல்லிட்டுப் போவோம்.”

“சொன்னா பாவம்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். இன்னும் ரெண்டு வீடுதான். முடிச்சிட்டுப் போயிடலாம்.”

பயம் மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லவேண்டும். தெருவே அண்ணே அண்ணே என்று கூப்பிட்டதில் அவர் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வானிலை ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. புயல் வேகம் பிடித்துவிட்டது, நாளைக்கு இல்லை, பொழுது சாய்வதற்குள் வந்துவிடும் என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கரண்டும் போனது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். ஆட்டோக்காரர்கள் யாரும் வர மறுத்துவிட்டார்கள். மழையில் முக்கு வரைக்கும் நடந்தே போனோம். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். ஆற்றுப் பாலத்தில் போலீஸ் கயிறு கட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், காலில் விழுந்தேன். காற்று போட்ட இரைச்சலில் நான் பேசியது அவர்களுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. திரும்பி வந்தோம்.

புயல் வந்தது, ஆடியது, போனது. விடிந்ததும் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். எங்கள் வீடு கொஞ்சம் மேடு. அங்கே வந்து தையல்கார அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பின்தெருவில் ஒரு கூரை மிச்சமில்லை, நம் தெருவில் ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை, எல்லாம் தம்பி கை என்றார். பின்னாலேயே பேக்கரிக்காரரும் வானிலையும். என் வீட்டுக்காரர் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

“அலுப்பு போல. தூங்கட்டும்” என்றார் அக்கா.

“அலுப்பு இல்லக்கா. அவருக்குக் கிட்னி இல்ல.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அக்கா, “முதல்லயே சொல்லியிருந்தா, என் கூரை போனா போகுதுன்னு விட்டிருப்பேனே” என்றார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. அந்த அம்மாளை அறையவேண்டும் போலவும் இருந்தது, தோளில் சாய்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது.

ஆண்கள் பாலத்தைப் பார்த்துவரப் போனார்கள். நடுப்பாலம் ஆற்றோடு போயிருந்தது. படகு தேடினார்கள், முழுசாக ஒன்றும் இல்லை. கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றார் பேக்கரிக்காரர். எங்கே என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குள்ளும் தண்ணீர் என்று நீந்தி வந்த ஒருவன் சொல்லியிருந்தான். அன்றைக்கும் மறுநாளும் ராத்திரியும் பகலும் தெருக்காரர்கள் முறைபோட்டு என் வீட்டுக்காரரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். வானிலை தன் செத்துப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் என் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி, தாகமாக இருக்கிறது என்றார். இந்த வியாதிக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது, நுரையீரலில் போய்த் தேங்கும். அதனால் நாள் பூராவுக்கும் ஒரு டம்ளர்தான் கொடுப்பேன். கூட ஒரு வாய் கேட்டாலும் உங்களுக்குச் சாக ஆசையா என்று திட்டுவேன். பச்சைப்பிள்ளை மாதிரி கெஞ்சியிருக்கிறார், ஒருநாளும் இளகியதில்லை.

“இன்னைக்கு வயிறு நிறைய குடேன்” என்றார்.

அக்கரை போக ஏதாவது வழி பிறந்ததா என்று வானிலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து அவர் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். குடித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். கொடுத்தேன்.