சாம்பியன்கள் நடுவே ஒரு பலகை

திரையை இழுத்ததும் செஸ் கிளப்பே சிரித்துவிட்டது. உலக சாம்பியன்கள் எல்லாரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, சுவர் நிறைய ஒரு படம். வரைந்தவருக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில்; செஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். முகங்களுக்கு மட்டும் போட்டோ கிடைத்ததால், உடம்புகளைக் கிளப் ஆட்களிடம் கடன் வாங்கியிருந்தார். உலகத்தையே மிரட்டிய ஒரு மேதைக்குப் பொருளாளரின் தொப்பை. ஒரு தலைமுறை தள்ளிப் பிறந்த இருவருக்கு ஒரே கோட்டு. மூலையில் இருந்தவர், காபி சொல்லிவிட்டு ஏமாந்தவர் மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இவரு என்னய்யா பல்லு வலியோட உக்காந்திருக்காரு?" என்றார் கிளப் ஆள் ஒருவர்.

"யோசிக்கிறாருங்க. நீங்கல்லாம் யோசிக்கும்போது அப்படித்தான் இருக்கீங்க," என்றார் ஓவியர்.

கிளப்பில் ஒருவரான கண்ணாடிக்கடைக்காரரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேஜைமேல் இருந்த பலகையைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

படத்தில் மனிதர்கள்தான் கோணல்மாணல். காய்கள் ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்தில் கச்சிதமாக நின்றன. அது அவருடைய பலகை: ராணி இல்லை, ஒரு சிப்பாய் ராஜாவை மூலையில் மடக்கி நின்றது.

நாளைக்கு இறுதிப் போட்டி. எதிரே கணக்கு வாத்தியார். வருடா வருடம் அவரிடம்தான் இவர் தோற்பது. வாத்தியார் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். அந்த ஆரம்பம் எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு, ஒரு சாதாரணச் சிப்பாயை வைத்தே ராஜாவை மூலையில் மடக்கும் வழியை, கடையில் ஆள் வராத மத்தியானங்களில் அவர் கண்டுபிடித்திருந்தார். கட்டினவளிடம்கூட மூச்சு விடவில்லை. கூட உட்கார்ந்து ஆடிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே என்று அவள் தம்பிக்கு மட்டும் காட்டினார். எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாத பையன் என்று பெயரெடுத்தவன்.

"இந்தப் பலகைய எங்க பாத்து வரைஞ்சீங்க?"

"வாத்தியார் வீட்லதாங்க. அவரு தோளை அளவெடுக்கப் போனேன். உங்க மச்சினரும் அவரும் ஆடிட்டிருந்தாங்க. ஒரு காய் தப்பில்லாம அப்படியே இறக்கிட்டேன்." ஓவியருக்கு அதில் ஒரே பெருமை.

அதற்குள் வாத்தியாரே வந்து தோளில் கை போட்டார். ஆள் சூதுவாது தெரியாதவர். "ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தான் உங்க மச்சினன். போர்டைப் பாத்துட்டு ராணியத் தூக்கிக் குடுத்தான் பாருங்க, நான் அசந்துட்டேன்! அவனே கண்டுபிடிச்சதாமே? வீட்லயே இப்படி ஒரு மூளைய வெச்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. இனிமே சத்தியமா நான் அந்த ஆரம்பத்தத் தொடமாட்டேன் சாமி!"

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்து வைத்தார். போட்டி போனது ஒரு பக்கம். தான் பெற்றதை இன்னொருத்தன் இடுப்பில் வைத்துக் கொஞ்சுவதைப் பார்ப்பதுபோல் நெஞ்சு எரிந்தது.

மச்சினன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நழுவப் பார்க்கிறான்.

"ஏன்டா?"

"வேணும்னு செய்யல மாமா. 'நீயா கண்டுபிடிச்சே'ன்னு கேட்டாரு. என்னை யாருமே அப்படிக் கேட்டதில்ல. ஆமான்னு வாயில வந்துருச்சு." ஒரு செருப்பை மாட்டினான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"வாத்தியார்கிட்ட சொல்லலாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய் மேதை! எங்கடா ஓடுற? படத்துக்குப் பக்கத்துல வந்து நில்லு!" வாத்தியாரே வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார். யாரோ ஒரு போனைக் கண்ணாடிக்கடைக்காரர் கையில் திணித்தார்கள். "நீங்க எடுங்க சார். உங்க வீட்டுப் பிள்ளைதானே!"

அவர் போனை உயர்த்தினார். திரைக்குள் சாம்பியன்களும் வாத்தியாரும் சரியாக அடங்கினார்கள்.

"சிரிடா!" என்றார் வாத்தியார்.

மச்சினன் சிரித்தான். ஆனால் அவன் கண் கேமராவுக்குச் சற்று மேலே, மாமாவின் முகத்திலேயே நின்றது. உண்மையை இன்னும் யாரிடமும் சொல்லாத அந்த முகத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணாடிக்கடைக்காரரின் கட்டைவிரல் பட்டன்மேல் அழுந்தாமல் அப்படியே இருந்தது.

"என்ன சார், எடுத்தாச்சா?"