பேசிக்கொண்டே மிதிப்பது

மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் என் கணவரின் கால் தரையில் ஊன்றுகிற சத்தம் எனக்கு மனப்பாடம். ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போகிற நான் அதைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டுவேன். இறங்கிச் சைக்கிளைத் தள்ள ஆரம்பிப்பார். சைக்கிள் குழுவில் அவருக்குத் 'தள்ளுவண்டி' என்றே பெயர். பல் மருத்துவர்தான், ஆனால் ஆறு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியும் அதே வளைவு, அதே தள்ளல்.

"அடுத்த மாசப் போட்டியிலயும் இறங்கினா சைக்கிளை வித்துடறேன்" என்றார். செய்யக்கூடியவர். வாசிக்க வரவில்லை என்று கிடாரை இப்படித்தான் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் திரும்பி வருமோ என்றுதான் எனக்குப் பயம்.

"வாரத்துல ரெண்டு நாள் முழு மூச்சா மிதிங்க, மத்த நாள் மெதுவா போங்க, போதும்" என்று குழுவின் பயிற்சியாளர் அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். இவரும் தலையாட்டுவார். ஆனால் மெதுவாகப் போகிற நாளில் ஒரு பால் வண்டி முந்திவிட்டால் போதும், துரத்த ஆரம்பித்துவிடுவார்.

பரணிலிருந்த என் பழைய சைக்கிளை இறக்கினேன். "மெதுவா போற நாள்ல நானும் வருவேன். பேசிக்கிட்டே வரணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"உன் வேகத்துக்கு நத்தையே முந்திடும்."

"முந்தட்டும். நீங்க பேசுங்க."

முதல் வாரம் உம்மென்று வந்தார். பிறகு, வாயைத் திறக்கச் சொன்னதும் நாற்காலியிலிருந்து ஓடிய ஆளின் கதை வந்தது. ஒருநாள், கேட்காமலே, "கிடாரைக் கொடுத்திருக்கக் கூடாது" என்றார். அப்போது பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பார்த்தார். பேச்சைத் தொடர்ந்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

போட்டியன்று மூன்றாவது வளைவில் முன்கூட்டியே போய் நின்றேன். கீழேயிருந்து மூச்சு இரைப்பு முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். முகம் வெந்து சிவந்திருந்தது.

"பேசுங்க!" என்று கத்தினேன்.

"முடி... யல" என்றார், மிதித்துக்கொண்டே.

வளைவில் திரும்பி மறைந்தார். கால் ஊன்றுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேலே சங்கிலி ஓடுகிற சத்தம்தான் தேய்ந்துகொண்டே போனது. அவருக்காக வைத்திருந்த பாட்டிலைத் திறந்து நானே மடமடவென்று குடித்தேன்.