பச்சை நூல் கட்டிய போத்தல்

நேசனும் அவன் மனைவி வயலட்டும் ஒரே கிளாஸில் வைன் குடிப்பார்கள். முதல் மிடறு அவளுடையது. கண்ணை மூடி, அதன் மணம் எதைப் போல இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்வாள். பிறகு அவன் குடித்துவிட்டு இல்லை என்று வேறொன்றைச் சொல்வான். எண்பத்திரண்டாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் பிரான்சிலிருந்து கல்முனைக்கு வந்து நின்றார்கள். அந்த நாட்களில் இந்த விளையாட்டை நான் பல தடவை பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேசன் என்னோடு படித்தவன். என் மனைவி ஸ்டெல்லாவின் தாய்மாமன் மகன். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் என்றாலும் எங்களிடமும் முறை முறைதான். அவள் அவனை மச்சான் என்று கூப்பிடுவாள். என்னை 'இஞ்சேருங்க' என்பாள். அவன் வெளிநாடு போகாமல் இருந்திருந்தால் அவளைக் கட்டியிருப்பான் என்று ஊரில் சொன்னார்கள். என் கலியாணத்தன்றும் பந்தலுக்குள் நின்று சொன்னார்கள். எனக்குக் கேட்டது.

ஸ்டெல்லா எண்பதாம் ஆண்டு கார்த்திகையில் செங்கமாரி நோயில் இறந்தாள். அதன் பிறகு எனக்குச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. உப்புக் கூடினாலும் சாப்பிடுவேன். பள்ளிக்கூடம் போவேன். இரசாயனம் படிப்பிப்பேன். திரும்பி வருவேன்.

அந்த வருடம் நத்தாருக்கென்று அவள் போட்ட வைனில் ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. மற்றவற்றை அவளுடைய அம்மா தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இது மட்டும் உடுப்பு அலுமாரிக்குள், சேலைகளுக்குப் பின்னால் இருந்தது. கபில நிறப் போத்தல். வாயில் மெழுகு, கழுத்தில் ஒரு நூல். எல்லாவற்றையும் குசினியில் அடுக்கியவள் இதை மட்டும் ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தாள் என்று யோசித்தேன். எனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு இரண்டு வருடம் இருந்தேன். போத்தலைத் திறக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

அந்த வைனுக்குப் பழம் வாங்க நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணம் போனோம். இங்கே எல்லாரும் கடையில் விற்கும் முந்திரிகை வற்றலில்தான், உலர்ந்த திராட்சையில்தான், வைன் போடுவார்கள். அடுத்த தெருவில் இருக்கும் முஸ்லிம் மனிதர் மசூர் காக்காவின் பலசரக்குக் கடையில் நத்தாருக்கு முந்திய மாதங்களில் வற்றல் மிஞ்சாது. "நான் வத்தல் விக்கிறன், அதுக்குப் பொறகு அது என்னவாகுதெண்டு எனக்குத் தெரியா" என்பார் அவர். ஸ்டெல்லாவுக்கு அந்த முறை வற்றல் வேண்டாம், கொடியில் பறித்த பச்சைப் பழம் வேண்டும் என்றிருந்தது.

கோண்டாவிலில் ஒரு தோட்டம். செம்மண் தரை. தலை தட்டும் உயரத்தில் பந்தல். பந்தலின் கீழே கறுத்த குலைகள். அவள் குனிந்து குனிந்து நடந்தாள். தோட்டக்காரர் ஒரு குலையை வெட்டிக் கொடுத்தார். அவள் ஒரு பழத்தைக் கடித்துப் பாதியை என் வாயில் வைத்தாள். தோட்டக்காரர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் பஸ்ஸில் பெட்டி நசிந்தது. சாறு அவள் மடியில் ஒழுகியது. "அக்கா, நீங்க இறங்கிறதுக்குள்ள இது வைனாப் போயிடும்" என்றான் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேசினை வைத்துக்கொண்டு பழங்களைப் பிரித்தாள். நசிந்தவை ஒன்றில். முழுசாக இருந்தவை மற்றதில். எதற்கு என்று கேட்டேன்.

"நல்லதத் தனியா எடுக்கிறன்" என்றாள்.

நான் பிள்ளைகளின் கொப்பி திருத்தப் போய்விட்டேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் நேசன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். பூட்டிக் கிடந்த அவனுடைய தாய்வீடு என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி. மசூர் காக்காவும் வந்திருந்தார். அவருடைய மனைவி ஹாஜறா செய்த வட்டிலப்பத்தை மூடிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குச் சோடா உடைத்து வைத்தார்கள். எங்களுக்கு நேசன் பெட்டிக்குள் உடுப்பால் சுற்றிக் கொண்டுவந்த வைன்.

"ஒவ்வொரு புரட்டாதிக்கும் ஒரு ஊர், மச்சான்" என்றான் நேசன். பாரிசில் அவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். முந்திரிகை வெட்டும் காலத்தில் லீவு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தோட்டங்களுக்குப் போவார்களாம். "போன முறை பொர்தோ. அதுக்கு முதல் பூர்கோஞ். நிலத்துக்குக் கீழ குகை மாதிரி வெட்டி வச்சிருக்கிறானுகள். மெழுகுதிரியோட இறங்கவேணும். பீப்பா பீப்பாவாக் கிடக்கும். ஒவ்வொண்டிலயும் கொஞ்சம் வாய்க்குள்ள எடுத்து, சுத்தி, துப்பிப்போட்டு அடுத்ததுக்குப் போகவேணும்."

மசூர் காக்கா சோடாவைக் கீழே வைத்தார். "துப்பவா?"

"ஓம் காக்கா."

"காசு குடுத்து, கோச்சி ஏறிப் போய், துப்பிப்போட்டா வந்தீங்க?"

"துப்பாட்டி மூண்டாவது பீப்பாவோட விழுந்து கிடப்பம்."

"அப்ப நான் இஞ்ச இரிந்தே துப்புறன். எனக்குச் செலவு மிச்சம்."

"இவர் எங்க துப்பினவர்?" என்றாள் வயலட். "துப்பிற மாதிரிக் காட்டுவார் அண்ணன். நான்தான் கையைப் பிடிச்சு மேல ஏத்திக்கொண்டு வாறது."

"பொய் சொல்லாத. அண்டைக்கு ஏணிப்படியில இருந்து பாட்டுப் படிச்சது ஆர்?"

அவள் அவன் தோளில் அடித்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு விட மறந்துவிட்டான். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

நேசன் எனக்கு ஊற்றினான். "முதல்ல மூக்கு, மச்சான். என்ன வருது?"

முகர்ந்தேன். "வைன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

வயலட் கிளாஸை வாங்கிக் கண்ணை மூடினாள். "மழைக்கு முதல் மண்."

நேசன் குடித்தான். "இல்ல. கனநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்த மாதிரி."

"சும்மா போங்க. அலுமாரி நல்ல மணமா?"

"ஆரின்ர அலுமாரி எண்டதைப் பொறுத்தது."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அதில் ஏதோ அவர்களுக்குள் இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மற்றவர்கள் முன்னால் வைத்துச் சிரிப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். தெரிந்து வைத்திருந்தேன்.

"எவ்வளவு குடிச்சாலும் அம்மா போட்ட வைன் மாதிரி ஒண்டும் வராது" என்றான் நேசன். "ஸ்டெல்லாவுக்கும் அம்மாதானே பழக்கினவ. இந்தக் குசினிக்குள்ளதான். சாடி கிண்டுறதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை. அவள் கரண்டியை நக்கிப்போட்டு மற்றப் பக்கத்தை எனக்கு நீட்டுவாள்."

கோண்டாவில் பந்தலின் கீழே என் வாயில் வைத்த பாதிப் பழம் நினைவுக்கு வந்தது. அது முதல் தடவை என்று நினைத்திருந்தேன்.

"அவள் போட்டதில ஒரு துளி கிடைச்சாப் போதும்" என்றான். "கண்ணைக் கட்டிப்போட்டுத் தந்தாலும் நான் சொல்லுவன், ஸ்டெல்லாட கையெண்டு."

"கிடக்கு" என்றேன்.

"என்ன கிடக்கு?"

"அவள் போட்டது. ஒரு போத்தல். எனக்கு எடுத்து வச்சது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எழுந்து வீட்டுக்குப் போனேன். பகிர்ந்து குடிக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. அவள் எனக்கென்று வைத்தது என்று ஒன்று உண்டு, அதை அவன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அலுமாரியைத் திறந்தேன். அவன் சொன்ன மணம் ஏதாவது வருகிறதா என்று ஒரு நிமிடம் நின்றேன். வரவில்லை.

நேசன் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினான். நூலை அவிழ்த்து மேசையில் போட்டான். மெழுகைக் கத்தியால் சுரண்டினான். தக்கையை மெல்ல எடுத்து, இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கிளாஸைச் சுழற்றினான். அது அவன் நினைத்தபடி சுழலவில்லை. கண்ணாடியில் தடிப்பாக ஒட்டிக்கொண்டு இறங்கியது. முகர்ந்தான். பிறகு கிளாஸை வயலட்டிடம் கொடுத்தான். அவள் குடித்தாள். முதல் தடவையாக ஒரு பெயரும் சொல்லவில்லை. அவனும் குடித்தான்.

"மச்சான், இது வைன் இல்ல."

"உனக்கு அவளின்ர கை பிடிபடல்ல" என்றேன். "துப்பித் துப்பி நாக்குப் போயிற்று."

"நீயே குடிச்சுப் பார்" என்றான், மெதுவாக.

குடித்தேன். இனிப்பு. அதோடு புளிப்பு. தொண்டையில் சூடு இல்லை. நொதித்தலை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். சீனி குறையும், மதுசாரம் கூடும். இதில் சீனி சீனியாகவே இருந்தது.

மசூர் காக்கா மேசையில் கிடந்த நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நிறம் போயிருந்தது. முடிச்சை நகத்தால் விரித்தார். உள்ளே பச்சை.

"மாஸ்டர், கொற நெனைக்காதீங்க" என்றார். "இது எண்ட போத்தல்."

நேசன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒவ்வொரு நத்தாருக்கும் ஒங்கட ஊட்ட எனக்கும் ஹாஜறாக்கும் தட்டத்தில சர்பத் வருமெல்லா. அது எங்கால வந்ததெண்டு நெனச்சீங்க?"

"உங்கட கடையில வாங்கினதெண்டு."

"எண்ட கடையில எங்க சர்பத் இரிக்கி? ஒங்கட மனிசி காய்ச்சிறது. வைன் போத்தலோட மாறக்கூடாதெண்டு பச்ச நூல் கட்டி, குசினில வெக்காம உடுப்பு அலுமாரிக்குள்ள வெக்கிறது. 'காக்கா, அகப்பையும் வேற, சட்டியும் வேற, பயப்படாமக் குடிங்க' எண்டு எனக்கிட்டயே செல்லிச்சு. கடைசி வரிசம் யாழ்ப்பாணத்துப் பழம். நசியாத பழமாப் பொறுக்கிக் காய்ச்சினதாம். நசிஞ்சது பஸ்சுக்குள்ளயே புளிக்கத் தொடங்கியிரிக்குமாம், அது எங்களுக்கு ஆகாதாம்."

இரண்டு பேசின். நல்லதத் தனியா எடுக்கிறன்.

"ஏன் இவ்வளவு நாளும் கேட்கேல்ல?" என்றேன்.

"மவுத்தான ஊட்டில போய்ச் சர்பத் போத்தல் எங்கெண்டு கேக்கிறதா, மாஸ்டர்?"

அதுவரை நேசன் மேல் இருந்த எரிச்சல் அப்படியே எழுந்து போய் மசூர் காக்காவில் உட்கார்ந்தது. நல்ல மனிதர். செத்த வீட்டில் மூன்று நாளும் என் பக்கத்தில் இருந்தவர். அவருக்கு முழுப் பழம். எனக்கு நசிந்த பழம். அவள் வெட்கமில்லாமல் அதை அவரிடமே சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

மசூர் காக்கா போத்தலைத் தொடாமல் நேசன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க பிரான்சில இதப் பழகின ஆள். ரெண்டு வரிசமாப் போச்சு. புளிச்சிரிக்கா? சரியாச் செல்லுங்க. எண்ட புள்ளையள் குடிக்கிறது."

நேசன் சிரிக்கவில்லை. ஒரு சுத்தமான கிளாஸ் எடுத்துப் புதிதாக ஊற்றினான். முகர்ந்தான். வாய்க்குள் வைத்துச் சுழற்றிக்கொண்டு கூரையைப் பார்த்தான். வயலட்டிடம் நீட்டினான். அவள் குடித்துத் தலையாட்டினாள்.

"ஒரு சொட்டும் ஏறல்ல காக்கா. சுத்தம். இப்பிடி ஒரு மெழுகு அடைப்பு நான் பொர்தோவிலயும் காணல்ல."

"துப்பல்லயே நீங்க?"

"துப்ப மனம் வரல்ல."

மசூர் காக்கா என்னைப் பார்த்தார். "மாஸ்டர் தந்தாத்தான் எடுப்பன். வேணுமெண்டா நீங்களே வச்சிரிங்க. நான் ஒண்டும் நெனைக்க மாட்டன்."

வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். எதை வைத்துக்கொள்வது? அவள் எனக்கென்று வைத்ததாக இரண்டு வருடம் நினைத்தது அந்த மேசையில் இப்போது இல்லை. மிச்சம் இருந்தது அவருடைய சர்பத். தக்கையை அமத்திப் போத்தலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நூலை எடுத்துத் திரும்பவும் அதன் கழுத்தில் கட்டினார்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் வீட்டைக் கடந்து போனேன். அந்த வழியால் போக எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. மசூர் காக்கா கண்டு கூப்பிட்டார். "உள்ளுக்கு வாங்க மாஸ்டர்." பிள்ளைகள் பாயில் இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். உதடெல்லாம் ஊதா.

ஹாஜறா தட்டத்தில் ஒரு கிளாஸ் கொண்டுவந்தார். மேலே கசகசா மிதந்தது.

"ஸ்டெல்லாட கைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி கலந்தாலும் தாங்கும்" என்றார். "நான் அளவாத்தான் விட்டிரிக்கன். குடிங்க."

என் மனைவி காய்ச்சிய சர்பத்தை அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியாக வாங்கினேன். ஒரு மிடறு குடித்தேன். இன்னொன்று. தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூடியிருந்தது. கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கடைசிப் பெண் பிள்ளை தன் கிளாஸை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றாள்.

"முடிஞ்சி மகள்" என்றார் ஹாஜறா. "அவ்வளவுதான்."

பிள்ளை எழுந்து என் முன்னால் வந்து நின்று, என் கிளாஸைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

நான் கொடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அடிவரை குடித்தேன்.