வோபர்னுக்குக் குடிவந்த ஆளுநர்

வன்னியில் யுத்தம் முடிந்த மே மாதத்தில், இறந்து நூற்றைம்பது வருடமாகியிருந்த ஆளுநர் டன்பார், வோபர்ன் என்ற குளிர்தேசப் புறநகரில் அருள்நாயகத்தின் பேஸ்மென்ற் அறைக்குக் குடிவந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டின்மேல் மட்டும் பனி கொட்டியது. அயலவர்கள் புல் வெட்டினார்கள். அருள்நாயகம் வேலைக்குப் போகுமுன் பனி அள்ளினார். ஆளுநர் ஒருகாலத்தில் அந்தத் தேசத்தின் வடக்கு விரிகுடாவிலிருந்து மேற்குக் கடல்வரை, பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வணிகத்தை ஆண்டவர். அவர் படகில் போகையில் முன்னால் ஒருவன் குழல் ஊதுவான். அவர் ஒரு சொல் சொன்னால் ஒரு வணிகக்கோட்டை மூடப்படும். அதை நம்பியிருந்த வேட்டைக்குடிகள் அந்தக் குளிர்காலம் முழுவதும் பட்டினி கிடப்பார்கள். மார்கரெட் என்ற பூர்வகுடிப் பெண்ணோடு குடித்தனம் நடத்தி, பிள்ளைகளும் பிறந்தபின், லண்டனுக்குப் போய் மாமன் மகளைக் கட்டிக்கொண்டு வந்தார். அதை மார்கரெட்டுக்குச் சொல்ல ஓர் எழுத்தரை அனுப்பினார். பிறகு சேர் பட்டம் பெற்றார், பருத்தார், இறந்தார். இவ்வளவையும் தேத்தண்ணி குடித்தபடி அவரே சொன்னார். எந்த மொழியில் சொன்னார் என்பது பின்னர் ஒருவருக்கும் நினைவில்லை.

“நீங்கள் ஏன் நேரை போய்ச் சொல்லேல்லை?” என்று அருள்நாயகத்தின் மனைவி வேரோனிக்கா கேட்டாள்.

“நான் எதையும் நேரில் சொன்னதில்லை.”

அவள் ரெலிபோனடிக்குத் திரும்பினாள். வன்னியில் அகப்பட்டிருந்த தம்பி சீமோனின் அழைப்புக்காக, ரெலிபோன் பக்கத்திலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே படுத்தாள்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று ரீவி சொன்ன மறுவாரம், வேலையிடத்தில் அருள்நாயகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமலே நேரே பேஸ்மென்றுக்கு இறங்கினார்.

“ஐயா, சீமோன் செத்துப்போனான். பங்கர்க் குழிக்குள்ளை கூட இருந்த சனந்தான் அடக்கினதாம். அவளிட்டைச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ.”

“யாரையாவது அனுப்பு.”

“வேறை ஒருத்தரும் இல்லை.”

 ஆளுநர் எழுந்து, கைப்பிடியைப் பற்றியபடி படியேறினார். வேரோனிக்கா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். 

“வேரோனிக்கா, உங்கள் தம்பி சீமோன் இறந்துவிட்டான்.”

அவள் அடுப்பை நிற்பாட்டினாள்.

“ஆர் அடக்கினது?”

“பங்கரில் கூட இருந்தவர்கள்.”

“ஓம்,” என்றாள். அழுகை வரவில்லை. கதிரையைக் காட்டி, “இருங்கோ,” என்றாள். அவர் இருந்தார். அருள்நாயகமும் வந்து இருந்தார். இருட்டும்வரை ஒருவரும் லைற் போடவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தபோது, பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து வந்த றோஸ்மேரி அன்ரி, மூலையில் தனியே இருந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, “உவர் ஆர்?” என்று கேட்டார்.

“தம்பியின்ரை சேதியை எனக்குச் சொன்னவர்,” என்றாள் வேரோனிக்கா.

றோஸ்மேரி அன்ரி, உறைப்புக் குறைந்த கறியாகப் பார்த்து, அவருக்கும் சோறு போட்டுக் கொடுத்தார்.